தராசுக்குப் பொட்டு! பிள்ளைக்குத் தாயத்து!!

சென்ற ஆயுத பூஜை கழிந்த சில நாட்களுக்கெல்லாம், வெண்ணாற்றங்கரையிலுள்ள ஒரு சிற்றூருக்குக் கூட்டத்தின் பொருட்டு நாம் போயிருந்தோம். கூட்டம் மாலையில்தான். ஆகையால் பகற்பொழுதில் அவ்வூர்ப் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்க நேர்ந்தது. தலைமையாசிரியர் நல்ல மனிதர். மோர் கொடுத்து உபசரித்தார். அவர் அறையில் அலமாரியின் மேல், பிள்ளைகளை ஏற்றி நிறுக்கும் எடைக் கருவி ஒன்று வீற்றிருந்தது. அதன் நெற்றியில் மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம், கழுத்தில் வாடிப்போன சாமந்திச் சரம். ஆள் யாரும் ஏறாதபோதே அதன் ஊசி 4 கிலோவைக் காட்டிக்கொண்டிருந்தது. "கடைசியாய் எப்பொழுது பிள்ளைகளை நிறுத்தீர்கள், அய்யா?" என்று கேட்டோம். "அது ரிப்பேர் ஆகி நாளாயிற்று. பூசைக்குத்தான் கீழே எடுத்தோம்" என்றார்.

அவர் ஒளிக்காமல் சொன்னாரே, அதற்காக அவரை மெச்சுகின்றோம். ஆனால் வேலை செய்யாத கருவிக்குப் பூசை உண்டு, கருவி செய்ய வேண்டிய வேலைக்கு மட்டும் நாளில்லை என்கின்ற இந்தச் சங்கதி அந்த ஒரு பள்ளிக்கூடத்தோடு நின்றுவிடவில்லை என்பதுதான் நமது கவலை.

காவேரிப் பாசனத்துக்காரருக்கு நிறுக்கத் தெரியாது என்று யாராவது சொல்ல முடியுமா? அறுவடைக் காலத்தில் நெல் கொள்முதல் நிலையத்தில் போய்ப் பாருங்கள். 40 கிலோ மூட்டையில் கால் கிலோ கூடக் குறைய நின்றால் அங்கே பெரிய வழக்கே நடக்கும். நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டதா என்று கருவிக்குள் மணியைப் போட்டுப் பார்ப்பார்கள். அந்தக் கருவி காட்டும் எண்ணுக்காக விவசாயி இரவெல்லாம் களத்தில் விழித்துக் கிடந்து நெல்லைக் கிளறுவான். நெல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் தண்ணீரை அளக்கும் ஊரில், பிள்ளையின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் இரத்தத்தின் அழுத்தத்தை அளந்தவர் எத்தனை பேர்?

அது மாத்திரமா? மனிதனை நிறுப்பதும் நமக்குப் புதிதல்ல. கும்பகோணத்து மகாமகக் குளக்கரையிலுள்ள 16 மண்டபங்களையும் பார்த்திருப்பீர்கள். அரசனை ஒரு தட்டிலும் பொன்னை மறு தட்டிலும் வைத்து நிறுத்துத் தானம் செய்த துலாபாரக் காட்சி அங்கே கல்லில் செதுக்கியிருக்கின்றது. இன்றைக்கும் பிள்ளைக்கு நோய் தீர்ந்தால் எடைக்கு எடை வெல்லம், எடைக்கு எடை அரிசி என்று நேர்ந்துகொண்டு கோவில் தராசில் உட்கார வைக்கின்றார்கள். சரி, நிறுத்தாய்விட்டது. பிள்ளை எத்தனை கிலோ இருந்தது என்று வீட்டுக்கு வந்து எழுதி வைத்த தகப்பனார் உண்டா? வெல்லம் எத்தனை கிலோ என்பது கோவில் ரசீதில் இருக்கும்!

இன்னொன்றையும் கேட்கின்றோம். நமது வீடுகளில் பிள்ளை பிறந்தவுடன் எழுதப்படுவது எது? பிறந்த நாழிகை, நட்சத்திரம், லக்கினம், கட்டம். ஒரு நிமிஷம் தவறினால் ஜாதகமே மாறிவிடும் என்று ஆஸ்பத்திரி வாசலில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றோம். அதே ஆஸ்பத்திரியில் அதே நேரத்தில் நர்சம்மாள் பிள்ளையை நிறுத்து ஒரு அட்டையில் எடையை எழுதிக் கொடுத்தாரே, அந்த அட்டை இப்பொழுது எங்கே? ஜாதகம் மஞ்சள் தடவிப் பெட்டியில் பத்திரமாயிருக்கின்றது. அட்டை மண்ணாய்ப் போயிருக்கும். பிறகு பிள்ளைக்கு என்ன நேரும் என்று தெரிந்துகொள்ள வைத்தீசுவரன்கோவிலுக்குப் போய்க் கட்டைவிரல் ரேகையைக் கொடுத்து நாடி ஓலை தேடுவது! வைத்தியநாதன் என்று பெயர் வைத்த சாமிக்கு உப்பும் மிளகும் கொட்டிவிட்டு, வைத்தியன் எழுதிக் கொடுத்த சீட்டைத் தொலைத்து விடுவது!

பிறந்த எடையை எழுதி வைத்தால் என்ன பெரிய பலன் என்று கேட்பீர்கள். ஒரு நடந்த சம்பவத்தைச் சொல்லுகின்றோம். இங்கிலாந்தில் ஹெர்ட்போர்ட்ஷயர் என்பது ஒரு ஜில்லா. அங்கே 1911 முதற்கொண்டு, பிறந்த குழந்தைகளின் எடையையும் ஓராண்டு நிறைந்தபோது அவைகளின் எடையையும் பேரேட்டில் எழுதி வைத்தார்கள். எழுதியவர்கள் பெரிய பட்டதாரிகள் அல்ல. வீடு வீடாய்ப் போன மருத்துவச்சிகளும் சுகாதாரத் தாதிகளுமே. எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு டேவிட் பார்க்கர் என்ற டாக்டர் அந்தப் பேரேடுகளைத் தேடிப் பிடித்து, அதில் கண்ட 5,000க்கு மேற்பட்ட ஆண்களின் கதி என்னவாயிற்று என்று விசாரித்து, 1989இல் வெளியிட்டார். குழந்தைப் பருவத்தில் எடை குறைந்திருந்தவர்களே பிற்காலத்தில் இருதய நோயால் அதிகமாய் இறந்திருக்கின்றார்கள் என்று தெரியவந்தது. அதன்மேல் உலகெங்கும் நடந்த ஆராய்ச்சிகளில், எடை குறைந்து பிறந்து, பின்னால் வேகமாய்ச் சதை போட்டவர்களுக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் எளிதில் பிடிக்கின்றன என்பது மேலும் மேலும் உறுதிப்பட்டு வருகின்றது. ஆளின் பிற்காலத்தைச் சொன்னது ஓலையா, பேரேடா? யோசித்துப் பாருங்கள்.

அது வெள்ளைக்காரர் கதை என்று தள்ளிவிட வேண்டாம். பூனாவுக்குப் பக்கத்துக் கிராமங்களில் டாக்டர் யாக்னிக் என்பவரும் அவர் கூட்டத்தாரும் 1993 முதல் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் தொடர்ந்து அளந்து வந்தார்கள். அக்கிராமத்துக் குழந்தையின் சராசரிப் பிறப்பு எடை சுமார் 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தையினது 3.5 கிலோ. அதிலும் விசேஷம் என்னவென்றால், நம் குழந்தை குறைந்திருப்பது தசையிலும் உறுப்புகளிலுந்தான். தோலுக்கடியிலுள்ள கொழுப்பில் அவ்வளவு குறைவில்லை. அதாவது பார்வைக்கு ஒல்லி, உள்ளுக்குக் கொழுப்பு. பணக்கார வியாதி, மிராசுதார் வியாதி என்று நாம் எதைச் சொல்லி வந்தோமோ, அது இன்று நடவு நடுகின்றவள் வீட்டுக்குள்ளும் நுழைவதற்கு ஒரு காரணம் இதில் இருக்கின்றது. தாய் அரை வயிற்றோடு சுமந்த கடனைப் பிள்ளை நாற்பது வயதில் கட்டுகின்றான்.

"எங்கள் குடும்பத்து வாகே ஒல்லி, தலையில் எழுதினதுக்கு மேல் சதை வருமா?" என்று கேட்கும் பெரியவர்களுக்கு எலியைக் கொண்டு பதில் சொல்லுகின்றோம். 1920களில் குன்னூர் ஆராய்ச்சிச் சாலையில் மெக்கரிசன் என்ற வைத்திய நிபுணர், ஒரே இனத்து இளம் எலிகளைக் கூட்டங் கூட்டமாய்ப் பிரித்து, இந்தியாவின் பல நாட்டு ஜனங்கள் உண்ணும் உணவை ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒன்றாய்க் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, பச்சைக் காய்கறி என்று சீக்கியர் உணவு தின்ற எலிகளின் சராசரி எடை 235 கிராம். அரிசியே பெரும்பாகமான நமது சென்னை ராஜதானி உணவைத் தின்ற எலிகளோ 155 கிராம்தான் இருந்தன. எலிக்கு ஜாதகம் உண்டா? பூர்வ ஜென்ம பாவம் உண்டா? எந்தக் கண்ணேறு பட்டு 80 கிராம் குறைந்தது? ஆகவே வாகு என்று நாம் சொல்லுவதில் எத்தனை பங்கு தட்டில் விழுந்த சோற்றின் கதை என்பதை எண்ணிப் பாருங்கள். வம்சத்தின் பங்கு ஒன்றுமேயில்லை என்று நாம் சொல்லவில்லை. சோற்றின் குற்றத்தை வம்சத்தின் தலையில் போடாதீர்கள் என்றே சொல்லுகின்றோம்.

இந்த மண்ணில் கூலி நெல்லுக்கும் பிள்ளையின் எடைக்கும் உள்ள உறவை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கூலியைக் கூட்டிக் கேட்ட பூசலில்தானே 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் தேதி இரவு கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள்? மாண்டவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் அல்லவா?

நிற்க, இரத்த அழுத்தத்துக்கு வருவோம். இருதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் இரத்தம் குழாய்ச் சுவரைத் தள்ளுகின்ற வேகமே அழுத்தம். இரத்தம் உடம்பைச் சுற்றி ஓடுகின்றது என்று ஹார்வி என்பவர் 1628இல் எழுதினார். கையில் பட்டை கட்டிக் காற்றடித்து அளக்கும் முறையை 1896இல் ரிவா ரோச்சி என்ற இத்தாலியர் கண்டார். பட்டைக்குக் கீழே குழாயை வைத்து ஓசை கேட்டு மேல் எண், கீழ் எண் இரண்டையும் பிடிக்கும் வழியை 1905இல் கொரோட்காப் என்ற ருஷ்ய டாக்டர் சொன்னார். இவர்களில் எவரும் ரிஷியல்ல, அவதாரமல்ல. இவர்கள் சொன்னதை யார் வேண்டுமானாலும் அளந்து சரிபார்க்கலாம்.

இந்த நோயின் துஷ்டத்தனம் என்னவென்றால், அது பெரும்பாலும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. வலியில்லை, காய்ச்சலில்லை. பிள்ளை ஓடியாடிக்கொண்டுதான் இருக்கும். உள்ளே இருதயத்தின் தசை தடித்துக்கொண்டு வரும், சிறுநீரகம் கெட்டுக்கொண்டு வரும். சில குழந்தைகளிடத்தில் சிறுநீரகம் முதலில் கெட்டு, அதனாலேயே அழுத்தம் ஏறியிருப்பதும் உண்டு. சிறு வயதில் ஏறிய அழுத்தம் பெரும்பாலும் பெரிய வயதிலும் தொடர்கின்றது. ஓயாமல் தலைவலிக்கின்றது என்று ஒரு பிள்ளை சொன்னால் நாம் என்ன செய்கின்றோம்? எவனோ கண்போட்டுவிட்டான் என்று கைநிறைய உப்பையும் மிளகாயையும் எடுத்து மூன்று தரம் சுற்றி அடுப்பில் போடுகின்றோம். அது வெடித்தால் கண்ணேறு கழிந்தது என்று சந்தோஷம்! உப்பு அடுப்பில் வெடிக்கும், நல்லது. அதே உப்பு உடம்புக்குள் போய் என்ன செய்கின்றது என்று மட்டும் கேட்பாரில்லை.

1930இல் வேதாரணியத்துக்கு உப்புக் காய்ச்ச நடந்து போனவர்களின் கதையைப் பாடப் புத்தகத்தில் படித்திருக்கின்றோம். அந்த உப்பைப் பற்றிப் பிள்ளைகளுக்கு இன்று சொல்ல வேண்டிய பாடம் வேறொன்று இருக்கின்றது. வளர்ந்த ஆளுக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, ஒரு சிறு தேக்கரண்டியளவுகூட நிறையாமல், உப்பு போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகின்றது. பிள்ளைக்கு அதிலும் குறைவு. நமது வீட்டிலோ சோற்றில் உப்பு, குழம்பில் உப்பு, அப்பளத்தில், வடகத்தில், மோர் மிளகாயில், ஊறுகாயில், கருவாட்டில் உப்பு. இவை போதாதென்று பள்ளிக்கூட வாசல் பெட்டிக்கடையில் சரம் சரமாய்த் தொங்குகின்ற ஐந்து ரூபாய்ப் பொட்டலம். அதில் உப்பும் எண்ணெயும் மாவுந்தான் சரக்கு. பளபளக்கும் காகிதம்தான் மகிமை. அழுகின்ற பிள்ளைக்கு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தால் கஞ்சன், பொட்டலம் வாங்கிக் கொடுத்தால் பாசமுள்ள மாமா என்று நம்மவர்கள் எண்ணுகின்றார்கள்!

சதை போட்ட பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை. பசியில் வளர்ந்த நமது தலைமுறைக்குக் கொழுகொழுவென்ற பிள்ளை என்றால் ஒரு பெருமை. தப்பில்லை, அந்த ஆசை பசியிலிருந்து பிறந்தது. ஆனால் காலம் மாறிவிட்டது. 2025இல் குழந்தைகளுக்கான ஐக்கிய நாட்டு நிறுவனம் வெளியிட்ட கணக்குப்படி, உலகத்தில் 5 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களில் மிகப் பருத்தவர்களின் எண்ணிக்கை, எடை குறைந்தவர்களின் எண்ணிக்கையை முதல் தடவையாகத் தாண்டிவிட்டது. இந்திய நாடு முழுதும் 2016 முதல் 2018 வரை எடுத்த சத்துணவுக் கணக்கில் 10 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களில் 100க்கு 24 பேர் வயதுக்கேற்ற சதையில்லாத மெலிந்தவர்கள். 5 பேர் அதிக எடையுள்ளவர்கள். இரத்த அழுத்தம் மிகுந்தவர்களும் 100க்கு 5 பேர். நூறு பிள்ளைகள் படிக்கும் உயர்நிலைப் பள்ளிக்கூடத்தில் ஐந்து பேர்! அந்த ஐந்து பேர் யார் என்று பார்த்துச் சொல்ல எந்த ஜோதிடனாலாவது முடியுமா? பட்டையைக் கட்டிப் பார்த்தாலொழிய டாக்டராலும் முடியாதே!

"சத்தான சோறு எங்கே இருக்கின்றது?" என்று கேட்பது நியாயமான கேள்வி. சென்னை நகரசபையில் சர். பி. தியாகராயர் தலைவராயிருந்தபோது, 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பகலுணவு கொடுக்கத் தீர்மானித்தார்கள். 1956இல் காமராசர் அதை மாகாணத்துக்காக்கினார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022இல் மதுரையில் தொடங்கிய காலைச் சிற்றுண்டி, 2023 ஆகஸ்டு 25ஆம் தேதி நமது நாகை ஜில்லாத் திருக்குவளையிலிருந்து நாடு முழுமைக்கும் அரசாங்க ஆரம்பப் பள்ளிகளுக்கு விரிந்தது. பகலுணவில் வாரத்துக்கு 5 முட்டை உண்டு. இதெல்லாம் பிச்சையல்ல, நம் வரிப்பணம், நம் உரிமை.

ஆனால் சோறு வந்த இடத்திலும் ஜாதி வந்து குறுக்கே படுத்துக்கொள்ளுகின்றதே! 2023இல் கரூர் ஜில்லாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் அருந்ததியப் பெண் சமைத்தார் என்பதற்காகப் பெற்றோர் சிலர் தங்கள் பிள்ளைகளைக் காலை உணவு உண்ணவிடாமல் தடுத்தார்கள். கலெக்டர் நேரில் வந்து உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டியதாயிற்று. பக்கத்துக் கர்நாடகத்தில் 2021இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு முட்டை கொடுக்க ஆரம்பித்ததும், கூடவே கூடாது என்று மடாதிபதிகள் கிளம்பினார்கள். மடாதிபதிக்கு எடை குறைந்ததாய் நாம் கேள்விப்பட்டதில்லை! எலும்பு தெரிகின்ற பிள்ளையின் தட்டிலிருந்து முட்டையை எடுப்பதற்கு ஆச்சாரம் என்று பெயராம். தன் பிள்ளை பசியோடு பாடம் கேட்டாலும் பாதகமில்லை, தன் ஜாதி பசியாறினால் போதும் என்கின்ற தகப்பனைவிடப் பிள்ளைக்குச் சத்துரு வேறு யார்?

நமது தோழர்களிலேயே சிலர், "இது டாக்டர் பார்க்க வேண்டிய வேலை; இயக்கத்துக்கு இதில் என்ன?" என்று கேட்டார்கள். டாக்டர் வந்து நிற்கும்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகின்ற கை தாயத்துக் கட்டுகின்ற கையாக இருக்கின்றதே, அதனால்தான் என்பது நமது பதில். பிறந்தது முதல் 18 வயது வரையுள்ளவர்களைப் பரிசோதிக்க 2013இல் மத்திய அரசாங்கம் தொடங்கிய திட்டப்படி, நடமாடும் மருத்துவக் குழு அரசாங்கப் பள்ளிக்கூடங்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை வரவேண்டும். பெரியவர்களுக்கு வீட்டு வாசலிலேயே அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் இருக்கின்றது. ஆகவே வழி இருக்கின்றது. கேட்க வேண்டியவர்கள் நாம்.

கேட்பதையும் தெரிந்து கேட்க வேண்டும். பெரியவர்களுக்கு 120க்கு 80 சரி என்று காதில் விழுந்திருக்கும். ஏழு வயதுப் பிள்ளைக்கு அதே எண் அதிகம். பதின்மூன்று வயது நிரம்பும் வரை வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதை வைத்துத் தனி அட்டவணை பார்த்தே சொல்ல வேண்டும். எடையும் அப்படியே, உயரத்தோடு சேர்த்துப் பார்க்காத எடை பாதிக் கணக்கு. பெரிய ஆளின் பட்டையைச் சிறு பிள்ளையின் மெல்லிய கையில் சுற்றினால் எண் குறைத்துக் காட்டும். பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் கூட்டிக் காட்டும். ஓடி வந்த பிள்ளையை ஐந்து நிமிஷம் உட்கார வைத்துப் பிறகுதான் பார்க்க வேண்டும். ஒரு தரம் ஏறியிருந்தால் நோயென்று தீர்மானித்து அலறவும் வேண்டாம். வேறு வேறு நாட்களில் மூன்று தரம் பார்த்து அப்படியே இருந்தால்தான் மேற்கொண்டு காரியம். உடனே மாத்திரை என்று பயப்பட வேண்டாம். அநேகம் பிள்ளைகளுக்கு உப்பைக் குறைத்து, பொட்டலத்தை நிறுத்தி, மாலையில் விளையாட விட்டாலே முதல் வைத்தியம் ஆரம்பமாகிவிடும். இந்த வைத்தியத்தில் தட்சிணைக்கு இடமில்லாதது ஒன்றுதான் குறை!

அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்புகின்றோம். கூட வந்த தோழர் ஒருவர் சைக்கிள் கடை வைத்திருப்பவர். கருவியைக் கீழே இறக்கிச் சந்தனத்தைத் துடைத்துப் பார்த்தார். ரிப்பேர் என்று பெரிதாய் ஒன்றுமில்லை. அடியிலிருந்த சிறு சக்கரத்தைத் திருப்பினதும் ஊசி சுழிக்கு வந்தது. அப்படியும் நம்பக்கூடாது என்று சத்துணவுக் கூடத்திலிருந்து 10 கிலோ அரிசிப் பை ஒன்றை வாங்கி வந்து ஏற்றினோம். பத்தில் நின்றது. பையை இறக்கினோம், சுழிக்குத் திரும்பியது. பிறகு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராய் ஏற்றச் சொன்னோம். 10 வயதுப் பிள்ளைக்கு உலக அளவில் நடுத்தர எடை சுமார் 31 கிலோ. அங்கே ஒரு சிறுமி 19இல் நின்றாள். அவள் கழுத்தில் இரண்டு தாயத்து இருந்தன. அவைகளையும் சேர்த்துத்தான் 19. அவளுக்கு அடுத்து ஏறிய பையன் 46. அவன் சட்டைப் பையில் பாதி தின்ற பொட்டலம். இரண்டு பேரும் ஒரே பலகையில் உட்காருகின்றவர்களாம்.

ஒரு நாற்பது பக்க நோட்டில் பெயர், வயது, உயரம், எடை என்று கோடு போட்டுத் தலைமையாசிரியர் தம் கையாலேயே எழுதிக்கொண்டார். இரத்த அழுத்தம் என்று ஒரு கட்டமும் போட்டுக் காலியாய் விட்டிருக்கின்றார். மருத்துவக் குழு வரும் தேதியைக் கேட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அன்றைக்கே கடிதம் போயிற்று. சிறுவர் பட்டையும் கொண்டு வரும்படி அதில் கண்டிருக்கின்றது. அந்தச் சிறுமியின் தாயார் மாலைக் கூட்டத்துக்கு வந்திருந்தார். தாயத்தைக் கழற்றச் சொல்லி நாம் அவரிடம் வற்புறுத்தவில்லை. நோட்டில் தம் மகளின் பெயருக்கு நேரே எழுதியிருப்பது என்ன என்று படித்துக் காட்டச் சொன்னார், காட்டினோம். "அடுத்த மாதமும் நிறுப்பீர்களா?" என்று கேட்டார்.